ஓனர் தலைக்கு வந்த ரேட்டு

மாசிலாமணியின் சலூனில் ஆண்களுக்கு ஒரு ரேட்டு, நீளமுடிப் பெண்களுக்கு இரண்டு மடங்கு. கட்டட ஓனர் கனகசபாபதி நாற்காலியில் உட்கார்ந்து அதட்டினார்.

“இனிமே ஆளைப் பார்க்காதே, முடியை அளந்து காசு வாங்கு. எனக்கு வழுக்கை, அதனால இனாம். முடியாதுன்னா கடையைக் காலி பண்ணு!”

“அப்படியே ஆகட்டுங்க, ஐயா.”

மாசிலாமணி டேப்பை எடுத்தான். வழுக்கையை மறைக்க அவர் காதோரம் வளர்த்து, மண்டை முழுக்கச் சுற்றி ஒட்டியிருந்த முடியை மெல்லப் பிரித்தான். அது நெஞ்சுவரை தொங்கியது.

“பொம்பளைங்க ரேட்டு வருதுங்க, ஐயா.”

காத்திருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

“பழைய ரேட்டே இருக்கட்டும்டா! கடையும் இருக்கட்டும்! முதல்ல அதை மேலே ஒட்டு!”

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பியது. எண்ணெய் தொட்டுப் பதமாக ஒட்டினான்.

“ஒட்டுறது மட்டும் இனாம்ங்க, ஐயா.”