மூக்காயி கொட்டிய 'ம்'

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் மனிதனோடு சரிக்குச் சரி வாயாடித் திரிந்தபோது, ஆந்தைக்குப் பகலில்தான் வேலை. களத்துமேட்டுப் புளியமரப் பொந்தில் குஞ்சுகளை வைத்துக்கொண்டு, நெல்லுக்கு வரும் எலிகளை அது பிடித்துத் தின்னும். ஊரார் அதைக் காவல்காரி என்றே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் ஆட்டுக்குட்டியைத் தூக்கப் பதுங்கி வந்த நரியைப் பார்த்து ஆந்தை கத்திவிட்டது. நரி அடிவாங்கி ஓடியது. திருட்டு நரிக்கு வெட்கமா வரும்? வன்மம்தான் வந்தது.

அந்த வாரமே, களத்தில் நெல் தூற்றும் மூக்காயியின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். உடனே நரி கதை சொல்ல வந்து உட்கார்ந்தது. அடித்து விரட்டிய அதே ஊர், கதை என்றதும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றி உட்கார்ந்தது!

அந்த ஊரில் ஒரு வழக்கம். கதை யாரைப் பற்றியதோ அவர் வீட்டு ஆள்தான் முதல் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் அது பொய்க்கதை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

"மூக்காயி புருஷன் செத்த அன்னிக்கு, இந்த ஆந்தை அவ கூரையில உக்காந்து அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு," என்றது நரி.

ஆந்தை பயப்படவில்லை. அன்று பொழுதுக்கும் அது களத்தில் மூக்காயியின் கண்ணெதிரேதான் இருந்தது. அவளுக்குத் தெரியாதா?

மூக்காயி தலை குனிந்துகொண்டு, "ம்," என்றாள்.

ஆந்தை அவள் எதிரே பறந்து வந்து இறங்கியது. "அடியே, நீ நெல்லு தூத்துன, நான் உன் காலடியில எலி புடிச்சேன். எந்த வாயால 'ம்' கொட்டுன?"

"காய்ச்சக்காரன விட்டுட்டு களத்துக்குப் போனியேன்னு என் மனசே என்னைக் கொல்லுது," என்று அழுதாள் மூக்காயி. "நீ கூப்பிட்டுத்தான் போனான்னு வச்சுக்கிட்டா, எனக்குச் சோறாவது எறங்கும்."

"உனக்குச் சோறு எறங்க நான் கொலைகாரியா?"

யார் கேட்டார்கள்? நரி மேலே சொல்லச் சொல்ல ஊரே 'ம்' கொட்டியது. கண்ணால் கண்டது ஒன்று, காதால் கேட்டது ஒன்று என்றால், காதுக்குத்தானே இந்த ஜென்மங்கள் அடிமை! கல்லெடுத்துப் பொந்தை நொறுக்கினார்கள். ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.

அன்று முதல்தான் ஆந்தை, ஊர் அடங்கிய பிறகே வெளியே வருகிறது. மனித முகத்தில் விழித்தால் அதன் குடும்பத்துக்கு ஆகாதாம்.