மடியில் இருந்த பிளக்

கொன்றைப்பாடியில் துண்டு நிலம் வைத்திருந்த பெண்களின் குழுவுக்கு உதவித் திட்டத்தில் கையால் பிடித்து உழும் சின்ன பெட்ரோல் டில்லர் ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து பண்ணைக்காரர் துரைக்கண்ணுவுக்கு வயிற்றெரிச்சல். அதுவரை உழவுக்கு அவர் டிராக்டருக்காகத்தானே எல்லோரும் கெஞ்சி நின்றார்கள்!

திட்ட அதிகாரியம்மா பார்க்க வந்த அன்று டில்லர் கிளம்பவே இல்லை. இன்ஜின் கயிற்றை இழுத்து இழுத்துக் குழுத்தலைவி பச்சையம்மாவுக்குக் கை சிவந்ததுதான் மிச்சம்.

"பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா மிஷினு? திருப்பி எடுத்துட்டுப் போங்க," என்று சிரித்தார் துரைக்கண்ணு. வாய் சிரித்தாலும் அவர் கை வேட்டி மடியை விட்டு நகரவில்லை. பச்சையம்மா அதைக் கவனித்தாள்.

"அம்மா, இப்பவே யாரு கிளப்புறாங்களோ அவங்களே வச்சுக்கட்டும். ஐயா, நீங்க வாங்களேன்!"

ஆசை அவரைத் தள்ளியது. அதிகாரியம்மாவுக்கு முதுகைக் காட்டி இன்ஜின் மேல் குனிந்தார். முதல் இழுப்பிலேயே டில்லர் உறுமியது.

"பாத்தீங்களா? இனி இது என்னுது!"

டில்லருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்த பச்சையம்மா கேட்டாள்: "மடியிலேருந்து எடுத்து இன்ஜின்ல மாட்டினீங்களே ஸ்பார்க் பிளக்கு, அது உங்ககிட்ட எப்படி ஐயா வந்துச்சு?"

அதிகாரியம்மா துரைக்கண்ணுவை நிமிர்ந்து பார்த்தார். துரைக்கண்ணுவின் கை மறுபடி வெறும் மடிக்குப் போனது.

பச்சையம்மா கைப்பிடியைப் பிடித்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா. உழவு கெடக்கு."