எல்லைக்கல்லை இழுத்த காத்தாயி

ஒரே ஒரு பட்டணத்துல ஒட்டினாப்புல ரெண்டு தெரு இருந்துச்சாம். ஒண்ணு பூத்தெரு, ஒண்ணு செக்குத்தெரு. நடுவுல ஒரு எல்லைக்கல்லு. கல்லுக்கு இந்தப் பக்கம் பூத்தெருவோட கடைசி வீடு, அது செண்பகம் வீடு. அந்தப் பக்கம் செக்குத்தெருவோட மொத வீடு, அது காத்தாயி வீடு. உம் கொட்டுங்கடி, அப்பத்தான் சொல்லுவேன்.

வருசா வருசம் அம்மன் சப்பரம் பூத்தெரு வழியா வரும், எல்லைக்கல்லு வந்ததும் திரும்பிடும். திரும்புறதுக்கு முன்னாடி அம்மன் கழுத்து மாலையை எடுத்துக் கடைசி வீட்டுக்காரிக்குப் போடுவாங்க. மொத வருசம் அதைப் பாத்த காத்தாயிக்கு வயிறு எரிஞ்சுது. மறு வருசம் சோறு எறங்கல. மூணாம் வருசம் புருசனைப் போட்டு உலுக்குனா. "அவ என்ன என்னைவிட ஒசத்தியா?"

"தையில நம்ம தெருவுக்கும் சாமி வருதேடி. மொத வீடுன்னு மொத பிரசாதத் தட்டு உனக்குத்தானே குடுக்குறாங்க?"ன்னான் அவன்.

"அது கெடக்கட்டும். அவளுக்கு மாலை விழக்கூடாது"ன்னா. கேட்டுக்கிட்டீங்களா? தனக்கு வேணும்னுகூட இல்ல, அவளுக்கு இருக்கக்கூடாது. அதுதான் பொறாமை.

செண்பகம் வீட்டுக்கு இந்தாண்ட வீட்டுல அல்லின்னு ஒரு பொண்ணு. லச்சணமான பொண்ணு. அவளைத் தன் மகனுக்குக் கட்டிரணும்னு காத்தாயி கணக்குப் போட்டு வெச்சிருந்தா. அல்லிக்கோ செண்பகம் மகன் வேலன் மேல ஆசை. ஆனா ஒரே தெருவுக்குள்ள பொண்ணு குடுக்குறதும் இல்ல, எடுக்குறதும் இல்லன்னு அந்தப் பட்டணத்துல ஒரு கட்டு. அல்லி ஆசையை முழுங்கிக்கிட்டுக் கெடந்தா.

ஒரு நாளு பூத்தெரு சனமெல்லாம் பூ விக்கப் போயிருந்துச்சு. காத்தாயி செக்கு மாட்டை அவுத்தா, கல்லுல கயித்தைக் கட்டுனா, கட்டி, இழுத்து, இழுத்து, செண்பகம் வீட்டையும் தாண்டி அல்லி வீட்டு ஓரமா நட்டுப்புட்டா. செண்பகம் வீடு இப்ப செக்குத்தெருவுக்குள்ள வந்துருச்சு.

சனம் திரும்பி வந்து, "கல்லு நகந்திருக்கு"ன்னாங்க. "என்னைக்கும் அங்கதான இருக்கு"ன்னா காத்தாயி. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கடைசியில ராசாகிட்டப் போச்சு.

ராசா நல்லவருதான், ஆனா வயித்தெரிச்சல்னா என்னன்னே தெரியாத மனுசன். "ஏம்மா, கல்லு அங்க இருந்தா உனக்கு என்ன கெடைக்கும்?"ன்னாரு.

"ஒண்ணும் இல்லீங்க ராசா. மாலை எனக்கா வரப்போவுது?"

"பொய் சொன்னா ஏதாச்சும் லாபம் இருக்கணும். இவளுக்கு ஒரு லாபமும் இல்லையே, அப்ப நெசந்தான் சொல்றா"ன்னு ராசா தலையை ஆட்டுனாரு. "இருந்தாலும் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. செண்பகம் வீடு செக்குத்தெருதானா?"

"செக்குத்தெருதான்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

"பெத்த புள்ள மேல சத்தியமா?"

"எம் புள்ள மேல சத்தியமா, தலைமுறை தலைமுறையா செக்குத்தெருதான்"னு சொல்லிச் சூடத்தை அணைச்சா. செண்பகம் முந்தானையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதா. காத்தாயிக்கு நெஞ்சு குளுந்துபோச்சு.

அப்ப அல்லி முன்னால வந்தா. "ராசா, அப்ப வேலன் எங்க தெரு ஆளு இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப அவரை நான் கட்டிக்கலாமா?"

ராசா சிரிச்சுட்டாரு. "தாராளமாக் கட்டிக்க தாயி."

காத்தாயி தன் மகனுக்குன்னு கணக்குப் போட்டு வெச்ச பொண்ணாச்சே! "ராசா, அந்தக் கல்லு..."ன்னு இழுத்தா. பெத்த புள்ள மேல பண்ணுன சத்தியமாச்சே, எப்படி மாத்திச் சொல்லுவா?

கல்யாணம் ஆச்சு. அப்புறம் அம்மன் திருவிழாவும் வந்துச்சு. சப்பரம் அல்லி பொறந்த வீட்டு வாசல்ல நின்னு திரும்பிருச்சு. மாலை அல்லியோட ஆத்தாளுக்கு விழுந்துச்சு. அவ அதைத் தட்டுல வெச்சு, "எம் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுச் சீரு"ன்னு மேளதாளத்தோட கொண்டாந்தா. அல்லி அதை எடுத்து மாமியா கழுத்துல போட்டா. காத்தாயி கதவிடுக்குல நின்னு பாத்தா.

அப்புறம் தை மாசம், செக்குத்தெரு சாமி வந்துச்சு. மொத தட்டு மொத வீட்டுக்குத்தானே? இப்ப செக்குத்தெருவுல மொத வீடு யாரு வீடு? சொல்லுங்க பாப்போம்.

ஆங், செண்பகம் வீடு!

எதிராளிக்குச் சகுனத்தடைன்னு தன் மூக்கை அறுத்துக்கிட்டவ கதை இதுதான். கல்லு நின்ன எடத்துல நிக்கட்டும், கதையும் இங்கயே நிக்கட்டும். காலை நீட்டிப் படுங்க.