நீர்நாய்க்குக் கிடைத்த உயர்ந்த கிளை

ஆற்றங்கரையில் ஒரு பெரிய நீர்மருத மரம் நின்றது. அதன் கிளைகள் பாதி கரைமேலும் பாதி தண்ணீர்மேலும் நீண்டிருந்தன. காட்டு விலங்குகளின் வெள்ள மீட்புச் சேவைச் சங்கம் அந்த மரத்தில்தான் நடந்துவந்தது. ஆற்றில் யார் அடித்துச் செல்லப்பட்டாலும் இழுத்துக் கரைசேர்ப்பது சங்கத்தின் வேலை. சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு.

அந்த மரியாதையைக் கிளைக் கணக்கில் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குத் தரை. கொஞ்ச காலம் ஓடியாடினால் தாழ்ந்த கிளை. நல்ல பெயர் வாங்கினால் தண்ணீர்மேல் நீண்ட நிர்வாகக் கிளை. அதன் நடுவில் தலைவர் அங்கமுத்து வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு கிழட்டுக் குரங்கு. குரங்கு மரத்தில் உட்காருவது என்ன பெரிய சாதனை என்று சங்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

உண்மையில் தண்ணீரில் இறங்கி வேலை செய்தது ஒரே ஒருத்திதான். அவள் நீர்நாய் காவாயி. யாராவது சுழலில் மாட்டினால் மற்றவர்கள் "ஐயோ!" என்று வாய் திறப்பதற்குள் அவள் பாய்ந்திருப்பாள். பிடரியைக் கவ்வி, நீரோட்டத்தோடு கொஞ்ச தூரம் போய், சாய்வாகக் கரையைப் பிடிப்பாள். பன்றிக்குட்டி, கீரி, ஒரு தடவை தலைவரின் மைத்துனர் எல்லாரையும் அப்படித்தான் காப்பாற்றினாள். மைத்துனர் நன்றி சொல்லவில்லை. வால் நனைந்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டு போனார்.

காவாயிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஆறு திரும்பும் இடத்தில் இழுப்பு அதிகம். அங்கே குறுக்கே மூங்கில் கட்டி வைத்தால், அவள் போய்ச் சேரும்வரை அடித்து வரப்படுகிறவர்கள் அதைப் பிடித்துத் தொங்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் இதைத் தரையிலிருந்து கத்திச் சொன்னாள்.

"யாரது கீழ சத்தம் போடறது?" என்பார் அங்கமுத்து.

"நான்தாங்கய்யா, காவாயி! மூங்கில் விஷயமா..."

"கிளையில இருக்கறவங்கதாம்மா பேசணும்! சங்கம்னா ஒரு ஒழுங்கு வேணாமா?"

அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்த வருஷம் ஆனி மாதம், கடற்கரையிலிருந்து ஒரு பூநாரையைத் தலைவர் வரவழைத்தார். தலைமைப் பண்பும் பதவி உயர்வும் பற்றிப் பயிற்சி கொடுப்பதில் அவர் பெரிய ஆள் என்று பேச்சு. நீண்ட காலும் வளைந்த மூக்குமாக வந்து இறங்கியவர், முதல் நாளே எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார்.

"தலைமைக்கு வேண்டியது சமநிலை! அனைவரும் ஒரு காலைத் தூக்குங்கள்!" என்றார்.

எல்லாரும் தூக்கினார்கள். முள்ளம்பன்றி தடுமாறி முயல்மேல் சாய்ந்தது. முயல் போட்ட கூச்சலில் அந்தப் பாடம் அங்கேயே முடிந்தது.

அடுத்து ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேட்டார். "ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் எந்தக் கிளையில் இருப்பீர்கள்?"

"நான் தண்ணியிலதாங்க இருப்பேன்" என்றாள் காவாயி.

பூநாரை வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு தலைவரைத் தனியே அழைத்துக் கேட்டார். "உங்கள் சங்கத்தில் தலைசிறந்த ஊழியர் யார்?"

"காவாயிதாங்க. அதுல சந்தேகமே இல்ல."

"அவர் எந்தக் கிளையில் இருக்கிறார்?"

"தரையில இருக்குறாங்க."

"என்ன அநியாயம்! திறமைசாலியைச் சேற்றில் வைத்திருக்கிறீர்களே! உடனே மேலே ஏற்றுங்கள்!"

தலைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. காவாயியைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்கய்யா கிளை? எனக்கு மரமேறவே வராதே!"

"அதை நாங்க பார்த்துக்கறோம்மா. மேல வந்துட்டா மூங்கில் பத்தி நீயே பேசலாமில்ல?"

காவாயி மடங்கியது அந்த இடத்தில்தான். மூங்கிலுக்காகத்தான் சம்மதித்தாள். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அவளுக்கு மனம் கொஞ்சம் குளிரவும் செய்தது. இத்தனை வருஷம் சேற்றில் கிடந்தவளை நாலு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசையாக இருக்காது?

நாலு இளங்குரங்குகள் அவள் இடுப்பில் கொடியைக் கட்டி மேலே இழுத்தன. அவள் பாதி வழியில் தலைகீழாகச் சுற்றினாள். கீழே எல்லாரும் கைதட்டினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் கழுத்தில் மாலை விழுந்தது. 'மீட்புப் பணிகளின் முதன்மை மேலாளர்' என்று பட்டமும் கிடைத்தது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "அவளுக்குக் கிளைன்னா எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல்? நாங்களும்தானே ஒத்தக்கால்ல நின்னோம்?" என்று கிளம்பிவிட்டார்கள். முயல் ஒருங்கிணைப்பாளர் ஆனது. உடும்பு இணை ஒருங்கிணைப்பாளர் ஆனது. முள்ளம்பன்றி ஆலோசகர் ஆனது. அதன் பக்கத்தில் உட்கார ஆளில்லாததால், மற்ற எல்லாரும் கிளையின் நுனிப் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

காவாயி நின்ற இடத்துக்கு, வரிசைப்படி காட்டுப்பூனை வீரபாகு வந்தான். காப்பாற்றி வந்தவர்களை இலை தழையால் துடைத்துச் சூடேற்றுவது அதுவரை அவன் வேலை. அதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"தலைவரே, எனக்குத் தண்ணியே ஆகாதுங்க! மீசை நனைஞ்சாலே தும்மல் வந்துரும்!" என்று கெஞ்சினான்.

"பதவி உயர்வை வேணாங்கறியே, நல்ல பிள்ளைப்பா நீ! பயிற்சிதான் எடுத்திருக்கியே!" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார் அங்கமுத்து.

மேலே காவாயியின் வாழ்க்கை கூட்டங்களில் கழிந்தது. முதல் கூட்டத்திலேயே மூங்கில் பற்றிப் பேசினாள். எல்லாரும் ஆகா என்றார்கள். அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு கூடி, அந்தக் குழுவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆராய்ந்தது. காவாயியின் தோல் காய்ந்து அரித்தது. மீன் மேலே வந்து சேர்வதற்குள் நாறிப்போனது. இறங்கிவிடலாம் என்றால் கீழே பாறை. போதாக்குறைக்குச் சங்கத்தில் ஒரு விதியும் இருந்தது. கூட்டம் முடியும் முன் கிளையை விட்டுப் போகிறவருக்குப் பதவி போய்விடும். அவர் கொண்டுவந்த கோரிக்கையும் தள்ளுபடியாகிவிடும்.

ஆடி பிறந்தது. மலையில் மழை கொட்டி, ஆறு செந்நிறமாகப் பெருகி வந்தது. பாறைகள் மூழ்கின. அன்று நிர்வாகக் கிளையில் 'வெள்ளத்தை எதிர்கொள்வது எப்படி' என்று கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பூநாரையார் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது ஓர் அலறல் கேட்டது. "என் புள்ள! ஐயோ, என் புள்ள!"

கரையில் ஒரு பெண்மான் அங்குமிங்கும் ஓடியது. அதன் குட்டி நடு ஆற்றில் தலை முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. வீரபாகு தண்ணீருக்குள் ஒரு காலை வைப்பான், உதறுவான், மறு காலை வைப்பான், உதறுவான். பாவம், அவன் அழுதேவிட்டான்.

காவாயி எழுந்தாள். "தலைவரே, நான் போகணும்!"

"உட்காரும்மா! பேச்சு நடந்துக்கிட்டிருக்கில்ல?"

"குட்டி போயிட்டிருக்குதுங்க!"

"அதுக்குத்தான் கரையில வீரபாகுவைப் போட்டிருக்கோம்! அவனோட பொறுப்புல நீ தலையிடறது நிர்வாகத்துக்கு அழகா? எழுந்து போனியோ, பதவியும் போச்சு, உன் மூங்கிலும் போச்சு!"

காவாயி ஒரு நொடி நின்றாள். மூங்கிலுக்காகத்தான் இவ்வளவு உயரம் ஏறி, இவ்வளவு நாள் காய்ந்து கிடந்தாள். அது இல்லாமல் இனியும் எத்தனையோ குட்டிகள் போகும். ஆனால் இந்தக் குட்டி இப்போதே போய்க்கொண்டிருந்தது.

"போகட்டுங்கய்யா!" என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

அவள் உந்திய வேகத்தில் கிளை ஆடியது. முயலும் உடும்பும் துணைக்குழுவும் நுனியில் குவிந்து உட்கார்ந்திருந்த கிளை அல்லவா? படீரென்று முறிந்தது! மொத்த நிர்வாகமும் ஆற்றில் விழுந்தது. பூநாரையார் மட்டும் சிறகை விரித்து, "எனக்கு அடுத்த முகாமுக்கு நேரமாகிவிட்டது!" என்று பறந்துபோனார்.

"காவாயி! என்னை முதல்ல தூக்கு! நான் தலைவர்!" என்று அங்கமுத்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே கத்தினார்.

"முறிஞ்ச கிளையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருங்கய்யா! வந்துர்றேன்!" என்று சொல்லி அவரைத் தாண்டி நீந்தினாள் காவாயி.

கிளையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஆற்றின் திருப்பத்தை நோக்கிப் போனார்கள். "ஐயோ, இங்க மூங்கில் கட்டியிருக்கலாமே!" என்று முள்ளம்பன்றி ஆலோசனை சொன்னது. ஆலோசகர் ஆனபின் அது சொன்ன முதல் ஆலோசனை அதுதான்.

காவாயி குட்டியைப் பிடித்துவிட்டாள். பிடரியைக் கவ்வி, ஓட்டத்தோடு போய், சாய்வாகக் கரையேறினாள். குட்டி அசையவில்லை. வீரபாகு ஓடிவந்து தழையை அள்ளித் தேய்தேய் என்று தேய்த்தான். கடைசியில் குட்டி தும்மியது. கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடியது.

பெண்மான் குட்டியை நக்கிக்கொண்டே காவாயியைப் பார்த்தது. "இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?"

காவாயிக்குத் தலை குனிந்தது. "எனக்குப் பதவி உயர்வு கொடுத்துட்டாங்கக்கா" என்றாள்.

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்ப ஆற்றில் பாய்ந்து, நிர்வாகத்தை ஒவ்வொருவராக இழுத்து வந்தாள். முள்ளம்பன்றியை மட்டும் பிடரியில் கவ்வாமல் முன்காலைப் பிடித்து இழுத்தாள். கடைசியாக வந்தவர் தலைவர். வீரபாகு அவரைத் துடைத்துவிட்டான்.

அங்கமுத்து கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கண்கலங்கிச் சொன்னார். "காவாயி, நீ தெய்வம்மா! மிச்சமிருக்கற கிளையிலேயே உசரமான கிளை எதுவோ, அது உனக்குத்தான்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டப் போனார்கள். காவாயிக்கு வந்ததே கோபம்!

"கிளையைப் பத்திப் பேசினீங்கன்னா மறுபடி ஆத்துல தள்ளிவிட்டுருவேன்! மேல இருந்தப்ப என்ன அதிகாரம் கொடுத்தீங்களோ, அதை இந்தச் சேத்துல கொடுங்க. இனிமே கூட்டம் இங்க நடக்கட்டும். பேசறவங்க யாரா இருந்தாலும் முழங்கால் அளவு தண்ணியில நின்னு பேசட்டும்!"

யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு யாருக்கும் மூச்சு இல்லை.

அப்படித்தான் காவாயி தலைவியானாள், கரையை விட்டு ஓர் அடி நகராமல். மூங்கில் மறுநாளே வந்து சேர்ந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபின் கூட்டங்கள் ரொம்பச் சுருங்கிப்போயின. வீரபாகு துடைக்கும் வேலைக்கே திரும்பினான், ஆனால் அந்த வேலையில் அவன் சொன்னதுதான் சட்டம். அங்கமுத்து உச்சியில் உட்கார்ந்து, மேற்கே வெள்ளம் வருகிறதா என்று பார்த்துக் குரல் கொடுத்தார். மரத்தில் உட்காருவதால் நாலு பேருக்குப் பயன் உண்டு என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பூநாரையார் மட்டும் அடுத்த காட்டில் இதையெல்லாம் தன் பயிற்சியின் வெற்றி என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நீதி: தொண்டு செய்வதில் வல்லவரைப் பெருமைப்படுத்த நினைத்தால், அவரை வேலையிலிருந்து பிரித்து மேலே ஏற்றாதீர்கள், அவர் வேலை செய்யும் இடத்துக்கே அதிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.