செர்ரி வைத்த பன்

தவசிமுத்து அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் சிவகாசியில் கழிவுக் காகிதம் வாங்கி விற்றவர். தராசு முள் ஒரு நூல் சாய்ந்தாலும் சண்டைக்கு நிற்பார். கடையை மூடிய பிறகு, தன்னைவிட இருபது வயது இளைய பெர்னதெத் டீச்சரிடம் காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். அவளிடம் மட்டும் குரலை உயர்த்த மாட்டார்.

அன்று காலை டீச்சரிடம் பாடத்துக்கு மாடிப்படி ஏறும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"தூக்கிட்டானுக டீச்சர்! ஆபாசப் படமாம்!"

ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் படம். சேலை முழுக்கத் தீப்பெட்டி லேபிள். கூந்தல் பழைய காலண்டர் ஓரங்கள். மார்புக்கு, பேக்கரி டப்பாவிலிருந்து வெட்டிய பன் படம். நடுவில் செர்ரி. இணையத்தில் தன் பக்கத்தில் அதைப் போட்டிருந்தார். ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை.

"ஆள் பார்த்து எடுத்தாங்களா?"

"ஆளாவது! மிஷின் பார்த்துச்சாம்."

"மிஷினுக்கே மாருன்னு தெரிஞ்சிருக்கு. வேலை சுத்தம், அண்ணாச்சி."

"சிரிக்காதீங்க டீச்சர். திருப்பிக் கேட்டு எழுதினேன், தள்ளிட்டானுக. இன்னும் ஒரே தடவைதான் கேக்கலாம். அதுவும் போச்சுன்னா பக்கத்தையே மூடிருவாங்க."

மதுரையில் கண்காட்சி நடத்துகிறவர்கள் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் படங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் படம் ஒரு சுவரில் தொங்குவதற்கு வந்த முதல் வாய்ப்பு அது.

"கறுப்புத் தாளை ஒட்டி மறைச்சுப் போட்டிரவா? இல்ல, இன்னும் காட்டமா எழுதவா? ஒரு வழி சொல்லுங்க."

"முதல்ல எழுதினதை வாசிங்க."

கண்ணாடி இல்லாமல், போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். "ஐயா, இது பேக்கரி பன். மேலே இருப்பது செர்ரி. வேறொன்றும் இல்லை. டப்பாவின் போட்டோ இணைத்துள்ளேன்."

"டப்பாவையுமா அனுப்புனீங்க?"

"பின்ன? ஆதாரத்தை மூஞ்சியில எறிய வேண்டாமா?"

டீச்சர் படத்தை மேசையில் தன் பக்கம் இழுத்தாள். பிளேடை எடுத்து, நுனியைப் பன்னின் ஓரத்தில் செருகினாள். பசை விட்டு ஓரம் மெல்ல எழும்பியது.

"என்ன பண்றீங்க?"

"பன்னுதானே, அண்ணாச்சி. எடுத்துட்டா வம்பு தீர்ந்துச்சு. அந்த இடத்துல ஒரு பிஸ்கட்டை ஒட்டிக்கலாம்."

பிளேடு செர்ரியை நெருங்கியது. அண்ணாச்சி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஏ டீச்சர்! பிள்ளை குடிச்சிட்டு இருக்கு!"

அவர் கையை எடுத்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

டீச்சர் பிளேடைக் கீழே வைத்தாள். எழும்பிய ஓரத்தில் ஒரு பொட்டுப் பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்பச் சொன்னீங்கல்ல, அதை எழுதுங்க."

"அதை எழுதினா கட்டாயம் மூடிருவானுக, டீச்சர். மதுரை போயிரும்."

"போனாலும் போகலாம். பன்னுன்னு சொல்லி ஜெயிச்சாலும், மதுரைச் சுவத்துல பன்னுதான் தொங்கும், அண்ணாச்சி."

அவர் எழுதுவதற்குக் கண்ணாடியைத் தேடினார்.