வாய் திறக்காத மண்தவளை

அந்தக் காலத்தில், எருமையும் நாரையும் தவளையும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த நாட்களில், குளம் என்பது தனியாக யாருக்கும் சொந்தமில்லை. எல்லாரும் கூடித் தோண்டினார்கள், எல்லாரும் கூடிப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அப்படித்தான் ஒரு கோடையில் புதுக் குளம் வெட்டக் கூடினார்கள். நாரை, தான் நிற்கிற அளவுக்கு ஓர் ஓரம் ஆழமில்லாமல் வேண்டும் என்றது. பக்கத்துக் குட்டைச் சேற்றில் கிடந்த விரால் மீன், வெயில் காலத்திலும் தண்ணீர் நிற்க நடுவில் ஒரு குழி கேட்டது. எருமைக்குப் புரண்டு திரும்ப அகலம் வேண்டும். எருமை கேட்டால் யார் மறுப்பது? கேட்டபடியே தோண்டினார்கள். கடைசியாக எருமை, வேறு யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தது.

தோண்டுகிற சத்தத்தில் மண்ணைவிட்டு வெளியே வந்திருந்த மண்தவளைக்குச் சொல்ல இருந்தது. வருஷா வருஷம் கோடையில் அந்த மண்ணுக்குள் புதைந்து கிடப்பது அதுதான். கிழக்கு மூலையில் அடியில் வெறும் மணல், தண்ணீர் நிற்காது என்று அதற்குத் தெரியும். ஆனால் இத்தனை பெரியவர்கள் நடுவில் நாம் என்ன சொல்வது என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. எருமையும் சரி என்று எழுந்துவிட்டது.

மழை கொட்டியது. குளம் நிறைந்தது. தவளை ஆசை ஆசையாக முட்டையிட்டது. முட்டைகள் பொரிந்த சில நாளிலேயே தண்ணீர் கிழக்கு மூலை வழியாக இறங்கிப்போனது. கால்கூட முளைக்காத தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன.

தவளை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றது எருமை.

"நீங்க கேட்டப்ப என் தலைக்கு மேலதான் பாத்தீங்க அக்கா. குனிஞ்சு பாக்கல."

எருமை கிழக்கு மூலையில் இறங்கி, மற்றவர்கள் கொண்டுவந்து போட்ட களிமண்ணை மிதிமிதி என்று மிதித்தது. நாரை தலைப்பிரட்டைகளை அலகில் அள்ளி நடுக்குழியில் விட்டது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை என்று சத்தியம் செய்தது, நம்புவோம். பாதிதான் பிழைத்தன.

பிழைத்த பிள்ளைகளிடம் தவளை ஒன்றே ஒன்றுதான் சொல்லி வளர்த்தது. "தெரிஞ்சத சொல்லிருங்க. யாரும் கேக்கலேன்னாலும் சொல்லிருங்க."

அன்று முதல்தான், மழை பெய்து குளத்தில் தண்ணீர் ஏறியதும் தவளைகள் ஒன்று விடாமல் கத்துகின்றன. கரையில் யாராவது நடந்து வந்தால் சட்டென்று வாய் மூடிக்கொள்கின்றன. பயம் என்று நினைக்கிறோம். வந்தவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்றுதான் காத்திருக்கின்றன. நாம்தான் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுகிறோம்.