பனியில் வெட்டிய படிகள்

வைரவனுக்கு ஒரே கேள்விதான். அதை ரிஷிகேஷில் கேட்டார், பேருந்தில் கேட்டார், கூடாரத்தில் கஞ்சி குடிக்கும்போதும் கேட்டார்.

"அம்மா, எனக்கு இன்னும் பற்று இருக்கா?"

கேட்டதெல்லாம் பூரணி அம்மையிடம். வைரவனைவிட வயதில் இளையவர், ஆளும் சிறியவர். ஆனால் காவி கட்டி மலையிலேயே வாழ்கிறவர். கணவாய்க்கு அந்தப் பக்கம் அவருடைய ஆசிரமம். கணவாயின் உச்சியில் வைத்து வைரவனுக்கும் காவி தருவதாகச் சொல்லியிருந்தார்.

வைரவன் காரைக்குடிப் பாத்திரக் கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி வள்ளியம்மையிடம் யாத்திரை என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். மகள் சாலா விடாமல் கூப்பிடுகிறாள் என்று கைப்பேசியைக் கங்கையிலேயே போட்டுவிட்டார். அதை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

வைகாசி மாதம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இருவரும் பனி மூடிய சரிவின் அடியில் நின்றார்கள். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே அது ஏணி சாய்த்தாற்போல் மேலே போயிற்று. இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடந்தது. வெயில் பட்டால் இளகிவிடும். பாறையில் ஒட்டியிருக்கும் கற்களும் விடுபட்டு இந்த வழியாகத்தான் உருண்டு வரும். அதற்குள் ஏறிவிட வேண்டும்.

வைரவன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அம்மை பனிக்கோடரியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க முன்னால வெட்டிட்டுப் போங்க. ஏறுறதுக்கு நுனிக்கால் நின்னாப் போதும். இறங்குறவங்களுக்குத்தான் முழுப் பாதமும் படியணும். நாம இந்த வழியா இறங்கப் போறதில்ல."

வைரவன் வெட்டினார். மூச்சு முட்டியது. மேலே பார்த்தார், வெட்டினார், திரும்பிக் கீழே பார்த்தார். இந்நேரம் சாலாவுக்குப் பரீட்சை முடிவு வந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதற்காகத் தன்னைத்தானே வைதுகொண்டு இன்னும் வேகமாக வெட்டினார்.

சின்னதாக வெட்டும்படி பின்னாலிருந்து அம்மை சொன்னார்.

"உங்களுக்குச் சறுக்கிடக் கூடாதேன்னுதான் அம்மா."

"என் கால் சின்னது."

கொஞ்ச தூரம் சின்னதாக வெட்டிப் பார்த்தார். மனசு நிலைகொள்ளவில்லை. நின்று, இறங்கி, அந்தப் படிகளையும் அகலப்படுத்திவிட்டுத்தான் மேலே போனார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. வலப்பக்கச் சுவரின் உச்சியில் வெயில் விழுந்தது. அதைப் பார்த்ததும் பதற்றம் கூடியது. ஆனால் படி மட்டும் சிறுக்கவில்லை.

கணவாய் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அம்மை நின்றுவிட்டார்.

"என்னம்மா? இன்னும் கொஞ்சந்தானே?"

"கீழ பாருங்க."

பார்த்தார். சரிவின் அடிவரைக்கும் படிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் வீட்டு வாசற்படி போல அகலமாக இருந்தது.

"பெரிசாத்தான் வெட்டிட்டேன். கை அப்படியே போயிருச்சு."

"எல்லாத்திலயும் குதிங்காலுக்கு இடம் விட்டிருக்கீங்க."

வைரவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக்கூட முடியாத இடத்தில் நின்றார். அப்படியானால் காவி தனக்குக் கிடையாதா என்று மெல்லக் கேட்டார்.

அம்மை அவர் கையிலிருந்த கோடரியை வாங்கிக்கொண்டார். அவரைக் கடந்து மேலே போய், நுனிக்கால் மட்டும் நிற்கும் அளவுக்கு ஒரு படி வெட்டி, அதில் ஏறி நின்று திரும்பினார்.

"வெயில் இங்க வர இன்னும் நேரமிருக்கு. நீங்க வெட்டின வழிதான், பயப்படாம இறங்குங்க."